எத்தனாம் பக்கம்

எங்கள் வீட்டில் எதிரே ஆள் வருகிற சத்தம் கேட்டால் "சாப்பிட்டாச்சா?" என்று யாரும் கேட்பதில்லை. "எத்தனாம் பக்கம்?" என்றுதான் கேட்பார்கள்.

"பன்னெண்டு."

"நான் முப்பதைத் தாண்டிட்டேன். நீ இன்னும் அங்கயே நிக்கிறியா?"

வீடு என்று சொன்னாலும் குடும்பம் நடக்கிற வீடு இல்லை. பெரிய ஆளான பிறகு கண் போனவர்கள் வந்து தங்கி, தொட்டு வாசிக்கிற புள்ளி எழுத்துப் படிக்கிற இடம். பழைய நெல்லுமண்டி ஒன்றைத் தடுத்து அறைகள் போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் இன்னமும் உமி வாசம் வரும். அங்கே கண் இருக்கிற ஆள் நான் ஒருத்திதான். பேர் சிலம்பாயி. சோறாக்குவது, கூட்டுவது, கெட்டித் தாளில் ஊசியால் புள்ளி குத்திப் பாடம் எழுதுவது எல்லாம் என் தலையில்தான்.

அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம் உண்டு. யாரிடமும் "எப்படிப் போச்சு?" என்று கேட்கக் கூடாது. சட்டம் போட்டவர் குருவம்மா டீச்சர்.

"போனதைக் கேட்டா நாள் முழுக்கச் சொல்லுவாங்க சிலம்பாயக்கா. படிச்சதைக் கேட்டா ஒரு வார்த்தையில முடிஞ்சிடும். மிச்ச நேரம் படிக்கலாம்ல?" என்பார்.

டீச்சரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் மறைத்து வைத்து, திடீரென்று எடுத்து நீட்டி உங்களை அழவைக்கிற வேலை எனக்குப் பிடிக்காது. டீச்சருக்குக் கண் இரண்டும் இல்லை. கை இரண்டும் மணிக்கட்டோடு இல்லை. ஒன்பது வயதில், பட்டாசு ஆலையில் வேலை பார்த்த அம்மாவுக்குச் சோற்றுத்தூக்கு கொண்டுபோன அன்றைக்குப் போனது. வீட்டுச் சட்டத்தை நானே மீறுகிறேன் என்று தெரிகிறது. நீங்கள் வெளியாட்கள், பரவாயில்லை. "ச்சு" கொட்டுகிறவர்கள் இப்போதே கொட்டிவிடுங்கள், அப்புறம் நேரமில்லை.

கண் தெரியாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

"கண்ணில்லாத புள்ளைக்கு விரல்தாம்மா கண்ணு. இதுக்கு அதுவும் இல்லையே. நாங்க என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது?"

அம்மா ஊர் திரும்பவில்லை. அந்தப் பள்ளிக்கூடச் சமையல்கட்டிலேயே பாத்திரம் தேய்க்கச் சேர்ந்துவிட்டார். பிள்ளை வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து பாடம் கேட்டது. கேட்டுக் கேட்டே எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று மனசில் ஏற்றிக்கொண்டது. ஒருநாள் யாரோ ஜன்னல் கட்டையில் புத்தகத்தை மறந்து வைத்துவிட்டுப் போக, ஆசை பொறுக்காமல் அதை முகர்ந்து பார்க்கக் குனிந்தது. உதட்டில் புள்ளி குத்தியது.

அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லையாம். உதடு வீங்கிக் கிடந்ததாம். "அம்மா திட்டுச்சு. நான் வீங்கின வாயோட சிரிச்சிக்கிட்டே இருந்தேன்" என்று டீச்சர் சொல்வார். பத்தாம் வகுப்பு, கல்லூரி, இரண்டு பட்டம், ஆசிரியர் பயிற்சி எல்லாம் அந்த உதட்டால் வாசித்துத்தான். தாள் ஓரம் கிழித்து ரத்தம் வந்தால் மஞ்சளில் உதட்டை ஒற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுவார்.

இதெல்லாம் வீட்டில் எனக்கும் பழைய ஆட்கள் சிலருக்கும் தெரியும். புதிதாக வருகிறவர்களிடம் யாரும் சொல்ல மாட்டோம். அவர்களுக்கோ பார்க்க வழியில்லை.

இந்த வீட்டுக்குத்தான் கருமலையான் வந்தார்.

ஐம்பதைத் தாண்டிய மனுஷர், டீச்சரை விட நல்ல மூப்பு. சின்ன வயதிலிருந்து கல்குவாரி வேலை. அவர் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், சட்டம் சட்டம்தான். பள்ளிக்கூட நிழலில்கூட ஒதுங்காதவர். கண் நன்றாக இருந்த காலத்திலேயே பஸ்ஸில் ஊர்ப் பேரைப் பக்கத்து ஆளிடம் கேட்டுத்தான் ஏறுவாராம்.

"இப்ப எதுக்குண்ணே படிப்பு?" என்று டீச்சர் கேட்டார்.

"தம்பி வீட்டுல ஒரு மூலை குடுத்திருக்காக டீச்சர். நேரத்துக்குச் சோறு வருது, கொற சொல்லக் கூடாது. ஆனா என்னையக் கேட்டு அங்க ஒண்ணும் நடக்காது. வீடு கூட்டணும்னா என்னையத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பாக. கூட்டி முடிச்சா தூக்கி இந்தப் பக்கம் வைப்பாக."

"சரி."

"அந்த மூலைக்கு நான் திரும்பிப் போக மாட்டேன். எழுத்துப் படிக்கணும். எட்டாப்புப் பரிட்சை எழுதணும். அப்புறம் என்னைய மாதிரி நாலு பேருக்கு நானே சொல்லிக் குடுக்கணும்."

"பொங்கலுக்குள்ள மொதப் பக்கத்தை முழுசா வாசிச்சா கட்டில் உங்களுக்கு. இல்லேன்னா வெளிய காத்திருக்கிற ஆளுக்குப் போயிடும். அது நிர்வாகம் போட்ட விதி. என்னால மாத்த முடியாது."

"பொங்கலுக்கு எம்புட்டோ நாள் கெடக்கே. மலையவே ஒடச்சவன் டீச்சர் நான்."

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், நீங்க எந்த விரலால வாசிப்பீக?"

"ஏன் கேக்குறீங்க?"

"ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வாகு இருக்கும்ல. உங்களுக்கு வாகான விரல் எதுன்னு தெரிஞ்சா நானும் அதையே பழக்கிருவேன்."

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"மொதப் பக்கத்தை முடிங்கண்ணே. சொல்றேன்" என்றார் டீச்சர்.

எங்கள் வீட்டில் முதல் பக்கம் எல்லாருக்கும் ஒன்று இல்லை. புது ஆள் வந்தால் டீச்சர் ஒரு வாரம் சும்மா பேச விடுவார். அந்த ஆள் பேசியதில் கொஞ்சத்தை எடுத்து, அவர் சொன்னபடியே என்னை எழுதச் சொல்வார். அதுதான் அவருடைய முதல் பக்கம். யாருடைய பேச்சு என்று அவருக்கே சொல்ல மாட்டோம். நான் அதைத் தாளின் பின்பக்கத்தில் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். திருப்பினால் முன்பக்கத்தில் புள்ளிகள் எழும்பி நேராக வரும். வந்த புதிதில் இது புரியாமல் ஒரு பாடம் முழுவதையும் தலைகீழாகக் குத்தி வைத்து, பழனியப்பன் என்கிற தாத்தாவைப் பைத்தியம் பிடிக்க வைத்தவள் நான்.

கருமலையான் வாயைத் திறந்தால் கல்தான். வேறு எதைப் பற்றிக் கேட்டாலும் சுற்றி வளைத்துக் கல்லுக்கே வந்துவிடுவார்.

"கல்லுக்குள்ள ஒரு ஓட்டம் இருக்கு டீச்சர். அதைத் தடவிக் கண்டுபிடிச்சு உளிய வச்சா, செல்லமா ஒரு தட்டு போதும், ரெண்டாப் பொளந்துரும். ஓட்டம் தெரியாதவன் நாளெல்லாம் ஓங்கி ஓங்கி அடிப்பான். கல்லு அப்படியே கெடக்கும். அவன் தோளுதான் போகும். ஒடைக்கத் தெரிஞ்சவன் கல்லுகிட்ட கோவிக்க மாட்டான்."

டீச்சர் இதை அப்படியே குத்தச் சொன்னார். "எழுத்துநடையா மாத்திக் குத்தட்டுமா?" என்று கேட்டேன். "அவரு சொன்ன மாதிரியே இருக்கட்டும்க்கா" என்றார்.

எழுத்து படிப்பதில் கருமலையான் புலி. ஆறு குழி போட்ட ஒரு பலகை இருக்கிறது. எந்தெந்தக் குழியில் கோலிக்குண்டு உட்கார்ந்திருக்கிறது என்று தடவிப் பார்த்து எழுத்தைச் சொல்ல வேண்டும். சீக்கிரமே எல்லா எழுத்தும் அத்துபடி. இடப்பக்கம் மேல் குழியில் ஒற்றைக் குண்டு இருந்தால் "அ". அதே குண்டு வலப்பக்கம் இருந்தால் மெய்யெழுத்துக்கு வைக்கிற புள்ளி. மூன்று குண்டு மேலிருந்து கீழாக நின்றால் "ல". அதற்கு அவர் கடப்பாரை என்று பேர் வைத்தார். "ப"வுக்குச் சுத்தியல். மற்றவர்களும் அவர் வைத்த பேரையே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

தாளுக்கு வந்தபோதுதான் வந்தது வினை. தாளில் புள்ளி கடுகு அளவுதான் இருக்கும். அவர் விரலோ காலமெல்லாம் சம்மட்டி பிடித்துக் காய்த்த விரல். என் அடுப்பில் சரிந்த கொள்ளியை வெறுங்கையால் எடுத்து உள்ளே தள்ளுவார், சுடவே சுடாது. அந்த விரலுக்குக் கடுகு எங்கே தெரியும்?

"ஒண்ணும் தெரியலையே டீச்சர். வெறுந்தாளு மாதிரி இருக்கு."

"லேசா தொடுங்கண்ணே."

அவர் அழுத்தினார். தெரியாவிட்டால் இன்னும் அழுத்தினார். கட்டை விரலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றி வேர்க்க அழுத்துவார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளியெல்லாம் தாளோடு தாளாகப் படுத்துவிடும். அந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பக் குத்தினேன்.

"யண்ணே, அது தாளு. கல்லு இல்ல. இப்படி அமுக்கினா எனக்குத்தான் கை ஒடியுது" என்று கத்துவேன்.

"கோவிக்காத தாயி. இன்னும் ஒரே ஒரு தரம்."

அழுத்துவதை மட்டும் விடவே இல்லை. விரலை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"டீச்சர், உங்களுக்கு ஆள்காட்டி விரல்தானே?"

"பக்கத்தை முடிங்கண்ணே."

"மோதிர விரலா இருக்குமோ?"

"முடிங்க, சொல்றேன்."

"கண்டுபிடிச்சுட்டேன்! சுண்டு விரல். அதுதான் வேலை செய்யாத விரலு, மெத்துனு இருக்கும். சரிதானே?"

டீச்சர் சிரித்ததோடு சரி.

சாயங்காலம் எல்லாரையும் உட்கார வைத்து டீச்சர் ஒரு புத்தகம் வாசிப்பார். அந்த வருஷம் கடல் கடந்து வியாபாரம் போனவர்களின் சரித்திரம். குனிந்து உதட்டால் ஒரு வரி வாசித்து, நிமிர்ந்து வாயால் அதைச் சொல்வார். மறுபடி குனிவார். நடுவே சத்தமே இருக்காது. கப்பல் கவிழப்போகிற இடத்திலெல்லாம் கேட்கிறவர்களுக்கு உயிர் போகும்.

"இந்த டீச்சருக்குக் குசும்பு ஜாஸ்தி. வேணும்னே நிறுத்தி நிறுத்திச் சொல்றாக" என்று கருமலையான் என்னிடம் முணுமுணுப்பார். நான் என்ன சொல்ல?

மார்கழி பிறந்தது. அவருக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் முதல் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். முற்றத்தில் யாராவது "கருமலையாண்ணே, எத்தனாம் பக்கம்?" என்று கேட்டால் முதலில் எல்லாம், "இன்னும் வாசல்லதான் செருப்பக் கழட்டிக்கிட்டு நிக்கேன்" என்று சிரிப்பார். போகப் போகச் சிரிப்பு நின்றது. அப்புறம் யாராவது வருகிற சத்தம் கேட்டாலே சுவரோரமாக ஒதுங்கிக்கொள்வார். 

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும். காலையில் முடி வெட்டுகிறவர் வந்து எல்லாருக்கும் சவரம் செய்துவிட்டுப் போயிருந்தார். நான் அரிசி களைந்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால், கருமலையான் தொட்டிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் பிளேடு. பத்து விரல் நுனியிலும் காய்ப்பைச் சீவி எறிந்துவிட்டார். வேட்டியெல்லாம் ரத்தம்.

"ஐயோ பாவி மனுஷா! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீக!"

"கத்தாத தாயி. மேல இருக்கிறது செத்த தோலு. அதை எடுத்துட்டா உள்ள பிஞ்சுத் தோல் இருக்கும்ல? அதுக்குத் தெரியும்ல?"

குரலில் கொஞ்சம்கூட வலி இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பக்கத்துத் தெரு நர்ஸம்மா வந்து பத்து விரலுக்கும் தனித்தனியாகக் கட்டுப் போட்டார். பொங்கல் கழிந்துதான் பிரிக்க வேண்டும், அதுவரை தண்ணீர்கூடப் படக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.  நர்ஸம்மா செருப்புச் சத்தம் தெருவில் மறைந்த பிறகு கருமலையான் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பிக்குப் போன் போடு தாயி. வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு."

போட்டேன். வேறு என்ன செய்ய? போகிக்கு முந்தின நாள் வருகிறேன் என்றான் தம்பி. அவருடைய வேட்டி சட்டையை மடித்துப் பையில் வைத்ததும் நான்தான்.

மத்தியானம் டீச்சர் அவர் அறைக்கு வந்தார்.

"என்னண்ணே, பையெல்லாம் கட்டியாச்சாமே."

"ஆச்சு டீச்சர்."

"எத்தனாம் பக்கம்?"

கருமலையானுக்கு வந்ததே கோபம்! அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் குரல் உயர்ந்து கேட்டேன்.

"கேலியா டீச்சர்? பத்து விரலும் பொட்டலமாக் கெடக்கு. விரல் இல்லாதவன் எதைக் கொண்டு வாசிப்பான்? சொல்லுங்க பாப்பம்! உங்க விரலு பூ மாதிரி இருக்கும், நீங்க பேசுவீக. கல்லு ஒடச்ச கைக்கு எதுக்குப் படிப்புன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன்ல?"

எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தேன். டீச்சர் முந்திக்கொண்டார்.

"சிலம்பாயக்கா, அண்ணனோட பக்கத்தைப் புதுசா ஒரு தாள்ல குத்தி வச்சிருந்தீங்கள்ல? எடுத்துட்டு வந்து மேசையில வைங்க."

கொண்டுவந்து வைத்தேன்.

"உள்ளங்கையில கட்டு இல்லையேண்ணே?"

"இல்ல."

"நீட்டுங்க."

அவர் நீட்டினார். டீச்சர் தன் வலது முழங்கையை அந்த உள்ளங்கையில் வைத்தார். கருமலையானுக்கு ஒன்றும் புரியவில்லை. மெதுவாகத் தடவிக்கொண்டே கீழே வந்தார். மணிக்கட்டு வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அவர் கை காற்றில் கொஞ்ச நேரம் துழாவியது. மறுபடி முழங்கைக்குப் போய், மறுபடி இறங்கி வந்தது. டீச்சர் இடது கையையும் கொடுத்தார்.

கருமலையான் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப..." என்று ஆரம்பித்தார். வீட்டுச் சட்டம் ஞாபகம் வந்து வார்த்தையை விழுங்கிக்கொண்டார். பிறகு ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்.

"ஏன் டீச்சர் என்கிட்ட சொல்லல?"

"எந்த விரல்னுதானே கேட்டீங்க? விரல் இருக்கான்னு கேக்கலையே."

கட்டுப் போட்ட கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அந்த மனுஷர் அழுதார். நான் மட்டும் சும்மாவா நின்றேன்? மூக்கைச் சிந்திச் சிந்தி முந்தானையே நனைந்துவிட்டது. டீச்சர் ஒரு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாங்கள் முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சா ரெண்டு பேருக்கும்? அண்ணே, மேசைக்கு வாங்க. குனிங்க."

"எங்க?"

"தாள் மேல. மூக்கு முட்டுற வரைக்கும். கீழ் உதட்டை லேசா வச்சு, இடமிருந்து வலமா நகத்துங்க. அமுக்காதீங்க. அமுக்கினா உதடு கிழியும்."

கருமலையான் குனிந்தார். பீடி குடித்துக் கறுத்த உதடுதான். ஆனால் எந்தக் கல்லும் அதன்மேல் பட்டதில்லை.

சட்டென்று தலையைத் தூக்கினார்.

"குத்துது!"

"எத்தனை?"

மறுபடி குனிந்தார்.

"மேல ஒண்ணு. கீழ ஒண்ணு. நடுவுல காலி... க! டீச்சர், இது க!"

"அடுத்ததுக்குப் போங்க."

"இந்தா, வலப்பக்கம் தனியா ஒரு புள்ளி, மெய்க்கு வைக்கிறது. அடுத்து... கடப்பாரை! ஆத்தாடி, இன்னொரு கடப்பாரை! க... ல்... லு. கல்லு! டீச்சர், கல்லுன்னு போட்டிருக்கு டீச்சர்!"

அவர் போட்ட சத்தத்தில் வீடே அறை வாசலுக்கு வந்துவிட்டது. ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு "என்னாச்சு, என்னாச்சு?" என்று கேட்டார்கள். "கருமலையாண்ணனுக்குக் கல்லு கெடச்சிருக்கு" என்று சொன்னேன்.

அதற்கப்புறம் அவரைச் சாப்பிடக் கூப்பிடுவதே எனக்குப் பெரும்பாடு. விடிந்தால் மேசையில் குனிந்திருப்பார், பொழுது சாய்ந்தால் அப்படியே இருப்பார். ஒரு வரி நகர ஒரு நாள் ஆனது. கழுத்து பிடித்துக்கொண்டது. உதடு பணியாரம் மாதிரி வீங்கியது. நான் வெண்ணெய் எடுத்துக் கொடுத்தால் தடவிக்கொண்டு, தாளில் எண்ணெய் ஒட்டிவிடும் என்று உடனே துடைத்துவிடுவார். கோபமாக வரும் எனக்கு. ஆனாலும் வரி நகர்ந்தது.

தம்பி வருகிற அன்று காலை, "ஓங்கி ஓங்கி அடிப்பான்" என்கிற இடத்துக்கு வந்திருந்தார். அங்கே நின்றுவிட்டார். திரும்ப அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய் வாசித்தார்.

"இது நான் சொன்னதுல்ல?" என்றார் தனக்குள்ளேயே. "நான் சொன்னதேதான்." அந்த வரியை இன்னொரு தடவை உதட்டால் தொட்டுவிட்டு, "அட கூறுகெட்டவனே" என்றார்.

யாரைத் திட்டினார் என்று நான் கேட்கவில்லை. அவர் மறுபடி குனிந்தார். இந்தத் தடவை உதடு தாளில் படுகிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் வரி வேகமாக நகர்ந்தது.

அந்த நேரத்தில்தான் தம்பி ஆண்டிச்சாமி உள்ளே வந்தான். கெட்டவன் இல்லை. அண்ணனுக்கென்று புது வேட்டியும் கரும்பும் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். வந்தவன் மேசையில் கவிழ்ந்து கிடந்த அண்ணனைப் பார்த்துத் திகைத்துப்போனான்.

"என்னண்ணே இது, தாளைத் திங்கிறியா?"

"ஆமாடா" என்றார் கருமலையான், தலையைத் தூக்காமலே. "அம்பது வருசப் பசி."

பேச்சுச் சத்தம் கேட்டு டீச்சர் வந்தார். ஆண்டிச்சாமி அவர் முகத்தைப் பார்த்தான். கையைப் பார்த்தான். கரும்பு கீழே விழுந்தது.

"ஐயோ! கண்ணும் போயி, கையும் போயி... எப்படிம்மா ஆச்சு? இதை வச்சுக்கிட்டு எப்படிம்மா இம்புட்டுப் படிச்சீங்க?"

 அந்த வீட்டில் கேட்கவே கூடாத கேள்வியை அவன் வாசல்படியில் நின்று சத்தமாகக் கேட்டுவிட்டான்.

டீச்சர் அவன் பக்கம் திரும்பவில்லை.

"கருமலையாண்ணே, எத்தனாம் பக்கம்?"

கருமலையான் நிமிர்ந்தார்.  அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் எத்தனை நாள் ஏங்கியிருப்பார் என்று எனக்குத்தான் தெரியும்.

"மொதப் பக்கம் டீச்சர். கடைசி ரெண்டு வரி."

"வாசல் தாண்டிட்டாருடோய்!" என்று அறைக்கு வெளியே யாரோ கத்தினார்கள்.

ஆண்டிச்சாமிக்கு ஒன்றும் ஓடவில்லை. "நல்லதுண்ணே, நல்லது. பையை எடு. ரெண்டு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் ராத்திரிதான்" என்று அண்ணனின் தோளைத் தொட்டுத் தூக்கப் பார்த்தான். பழக்கதோஷம்.

கருமலையான் அந்தக் கையை மெதுவாக எடுத்துக் கீழே விட்டார். மறுபடி தாளின்மேல் குனிந்தார்.

"தம்பி, உக்காருங்க" என்றார் டீச்சர். "சிலம்பாயக்கா, தம்பிக்குக் காபி குடுங்க."

ஆண்டிச்சாமி ஸ்டூல் நுனியில் உட்கார்ந்தான். அண்ணனைப் பார்த்தான், கட்டி வைத்த பையைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான்.

"பஸ்ஸுக்குள்ள முடிஞ்சிருமாம்மா?"

"பக்கம் முடிஞ்சிடும் தம்பி. புத்தகம்தான் முடியாது. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."